மயிலாத்தாளின் வலது கை

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் மூன்றாம் லைனுக்கு நான் இன்சார்ஜ். பன்னிரண்டு பெண்கள், எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். ஷிப்ட் தொடங்கும்முன் அவர்கள் எதிரில் நின்று இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் மேனேஜர் அருணகிரி சார். "எல்லாரும் நல்லா ஒத்துழைக்கணும்" என்று வேனிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "எல்லாரும்" வரைக்கும் வந்தது. அதற்குள் பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது.

பெல்ட் ஓடினால் பேச்சு கிடையாது. குளிர் அறையிலிருந்து தலையும் காலும் இல்லாத கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒருத்தி இறக்கையை வெட்டுவாள், அடுத்தவள் தொடையைக் கழற்றுவாள், அதற்கடுத்தவள் நெஞ்செலும்பிலிருந்து கறியை உரிப்பாள். மூட்டு கழலும்போது ஒரு சத்தம் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தச் சத்தம் சோறு பிசையும்போதும் கேட்டது. இப்போது கேட்பதில்லை.

எல்லோருக்கும் முகமூடியும் தொப்பியும் உண்டு. கண்ணும், கையுறைக்குள் கை அசைவதும்தான் தெரியும். முகம் பார்த்துப் பேச வராத எனக்கு இது வசதி. கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.

எனக்கு முன்னால் இருந்த இன்சார்ஜ் குமரவேலு, தாமதமானால் கறித் தட்டால் அடிப்பான். போன மாதம் தட்டின் விளிம்பு பட்டு ஒருத்தியின் காது மடல் கிழிந்து தொங்கியது. அதற்குப் பிறகுதான் அவனை அனுப்பினார்கள். "நீ கை நீட்ட மாட்டே, அதான் உன்னைப் போட்டிருக்கு. ஆனா கை நீட்டாம வேலை வாங்கோணும்" என்றார் சார்.

அம்மாவிடம் சொன்னேன்.

"உக்காந்து பாக்கற வேலையா?"

"நின்னுட்டுப் பாக்கறது."

"நிக்கறது என்ன, எல்லாருந்தான் நிக்கறோம். இனிக் கத்தி புடிக்க வேண்டாமில்ல?"

"வேண்டாம்."

நான் காலேஜில் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போன அதே வேகத்தில் போனாள்.


மார்ச் 6, வியாழன்

மயிலாத்தாள் அக்காவைப் பற்றி எழுத வேண்டும். நாற்பத்தாறு வயது. நெஞ்சுக்கறி உரிப்பதில் இந்த ஆலையில் அவருக்கு இணை கிடையாது. நான் பயிற்சிக்கு வந்தபோது கத்தியை எப்படிப் பிடிப்பதென்று அவர்தான் காட்டினார். ஒருமுறை குமரவேலு என் தலைக்கு மேல் தட்டை ஓங்கினான். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெட்டிக்கொண்டே, "தட்டு எறங்குச்சுன்னா கத்தி ஏறும்" என்றார். தட்டு இறங்கவில்லை.

அவர் பேசிக்கொண்டே வெட்டுவார். கண் பெல்ட்டில் இருக்கும், சில நேரம் பக்கத்தில் நிற்பவளின் மேல் இருக்கும். கையைப் பார்க்கவே மாட்டார்.

இன்று நாள் முழுவதும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசவும் இல்லை.

வயதாகிறது, கண் மங்கியிருக்கலாம்.


மார்ச் 10, திங்கள்

வேன் அரை மணி தாமதம். சிலிண்டர் தீர்ந்துவிட்டது. யூனிபார்மில் உள்ள வாடை போக இரண்டு தடவை அலச வேண்டியிருக்கிறது. அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து வாங்க மறந்துவிட்டேன்.


மார்ச் 11, செவ்வாய்

கூடத்துக்குள் குளிர் அதிகம் என்பதால் இடைவேளையில் கை நனைக்க வெந்நீர் அண்டா வைத்திருப்பார்கள். பெண்கள் சுற்றி நின்று கையை விட்டுச் சூடேற்றிக்கொள்வார்கள். ஊர்க் கதை எல்லாம் அங்கேதான்.

இன்று அண்டாவில் பச்சைத் தண்ணீர் விளாவ மறந்துவிட்டார்கள். முதலில் கையை விட்ட செல்லக்கிளி கத்திக்கொண்டு எடுத்தாள். "ஐயோ சாமி! கோழிக்கு வெச்ச தண்ணியிலயா எங்களையும் உரிக்கப் பாக்கறீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். செல்லக்கிளிக்கு முப்பது வயது. வாய் கத்தியைவிட முன்னால் போகும்.

மயிலாத்தாள் அக்கா அந்தத் தண்ணீரில் வலது கையை மணிக்கட்டு வரை விட்டு அப்படியே நின்றிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும் எடுத்தார். மதியத்துக்குள் விரல் நுனிகளில் கொப்புளம்.

"மரத்துப்போன தோலு அம்மிணி, சூடு ஏறாது" என்றார்.

"ஆமாங்க்கா" என்றேன்.


மார்ச் 13, வியாழன்

பேக்கிங் பகுதியிலிருந்து ஒரு தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைக் கறியில் சிவப்பாக ரத்தம். கோழி ரத்தம் இந்தக் கட்டத்துக்கு வராது. லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டு போனேன். அக்காவின் வலது சுட்டுவிரலில், கத்தி நழுவி, நகத்துக்குக் கீழே ஆழமாக வெட்டு. கையுறையும் கிழிந்திருந்தது. அவர் வெட்டிக்கொண்டே இருந்தார்.

"அக்கா, கை..."

"கைக்கு என்ன?"

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஒண்ணுமில்லீங்க்கா, பிளாஸ்டர் போட்டுக்கலாம்."

ஆலைக்கு மாதம் ஒருமுறை டாக்டர் வருவார். கையில் கோளாறு என்று இன்சார்ஜ் எழுதிக் கொடுத்தால் அன்றே கத்தியை வாங்கிக்கொண்டு தட்டுக் கழுவ அனுப்பிவிடுவார்கள். கழுவும் இடம் கூடத்துக்கு வெளியே, கழிவு வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. அங்கே போனவர்களை மற்ற பெண்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கழுவறது' என்பார்கள். அங்கிருந்து லைனுக்குத் திரும்பி வந்தவர்கள் யாரும் கிடையாது.

பதிவேட்டில் 'கையுறை கிழிசல், மாற்றப்பட்டது' என்று எழுதினேன். அது உண்மைதான்.


மார்ச் 17, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். அக்காவின் வலப் பக்கம் நிற்பவள் செல்லக்கிளி. அக்காவுக்கு வரும் கோழிகளில் மூன்றில் ஒன்றை அவள் எடுத்துக்கொண்டால் அக்கா மெதுவாக வெட்டலாம். யாருக்கும் எதுவும் தெரியாது, யார் மனமும் நோகாது.

செல்லக்கிளியிடம், "அக்காவுக்குத் தோள் வலிக்குதாமா. கொஞ்ச நாளைக்கு அவங்களுதையும் சித்த சேத்து எடுத்துக்கறீங்களா?" என்றேன்.

"எனக்குந்தான் இடுப்பு வலிக்குது. என்றதை யாரு எடுக்கறா?"

"நீங்க வெரசா வெட்டறீங்க, அதான்."

"நல்லா ஐஸ் வெக்கறயே இன்சார்ஜம்மா. செரி, எடுக்கறேன்."

அக்காவிடம் அப்படிச் சொல்ல முடியாது. "செல்லக்கிளி நெஞ்சுக்கறி பழகோணும்னு கேக்கறாங்க்கா. உங்களுதில கொஞ்சம் எடுத்துப் பழகட்டுங்களா?" என்றேன்.

அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் காலணியைப் பார்த்தேன்.

"பழகட்டும்" என்றார்.

லைன் இன்று சரியான நேரத்தில் முடிந்தது. அருணகிரி சார் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். "பாருங்க, தட்டு ஓங்காம ஒரு புள்ள லைன் ஓட்டுது."


மார்ச் 20, வியாழன்

இன்று சண்டை.

மூன்று நாளாகச் செல்லக்கிளி இடது கையை அக்காவின் இடத்துக்குள் நீட்டிக் கோழியை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஏதாவது சொல்வாள். "மகாராணிக்கு நான் அடிமையாட்ட." "வலிச்சா வூட்ல படுக்கறதுதான." அக்கா பேசாமல் இருந்தார். இன்று பதினொரு மணிக்குக் கத்தியை மேசையில் அடித்தார்.

"ஏண்டி, என்ற எடத்துக்கு வர்றதுக்கு இன்னும் எத்தன நாளு காத்திருக்கோணும்? இப்பவே தள்ளிட்டு வந்து நில்லு!"

"உன்ற எடம் யாருக்கு வேணும்? உன்ற பாரத்தத்தான் நான் செமக்கறேன்!"

"பழகறேன்னு வந்து பொறுக்கித் திங்கறயா?"

"பழகறதா? உங்கிட்டயா? நீ வெட்டற நாலுல ரெண்டு எலும்போட போவுது, தெரியுமா உனக்கு?"

அக்கா இடது கையால் செல்லக்கிளியின் தொப்பியோடு சேர்த்து முடியைப் பிடித்து மேசையில் மோதினார். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. செல்லக்கிளியின் கன்னத்தின்மேல் ஒரு கோழி இடித்துக்கொண்டு போனது. அவள் எம்பி அக்காவின் வயிற்றில் உதைத்தாள். இருவருக்கும் நடுவில் நான் புகுந்தேன். யாருடைய முழங்கை என்று தெரியவில்லை, என் மூக்கில் பட்டது.

"இன்னொருக்கா என்ற எடத்துல கையை வெச்சே, அந்தக் கையை எடுத்துருவேன்!" என்றார் அக்கா. கூடம் முழுக்கக் கேட்டது.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். தோள் வலியும் பொய், பழகுவதும் பொய், இரண்டும் நான் சொன்னவை என்று. மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. கழுவப் போய்விட்டேன்.

திரும்பி வந்து இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். நீங்கள்தான் பெரிய மனசோடு போக வேண்டும் என்று இருவரிடமும் சொன்னேன்.


மார்ச் 24, திங்கள்

எழுத வேண்டும். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். கோழி குவிந்துவிட்டது. நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று செல்லக்கிளியைப் பார்த்துத் தலையசைத்தேன், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவள் கண்ணை உருட்டிவிட்டு இடது கையை அக்காவின் பக்கம் நீட்டினாள். இடது கையில் எல்லோருக்கும் கம்பிக் கையுறை உண்டு, ஆனால் அது மணிக்கட்டோடு முடிந்துவிடும். அக்கா கோழியின் கழுத்துப் பக்கமிருந்து கத்தியைத் தன் வலப்புறமாக இழுத்துக்கொண்டிருந்தார். கண் நெஞ்செலும்பில் இருந்தது. கத்தி எலும்பை விட்டு வெளியே வந்தது. வந்த வேகத்திலேயே செல்லக்கிளியின் மணிக்கட்டுக்கு மேலே, உட்பக்கத்தில் இறங்கியது.

எந்தக் கையாக இருந்தாலும் அங்கே நின்றிருக்கும். வேறொன்றில் பட்டுவிட்டது என்று விரல்கள் சொல்லியிருக்கும். அக்கா நிறுத்தவில்லை. கோழியில் இழுப்பதுபோலவே கடைசிவரை இழுத்தார்.

செல்லக்கிளி உடனே கத்தவில்லை. தன் கையைப் பார்த்தாள். விரல்கள் தாமாகவே விரிந்து நீண்டு நின்றன. அறுபட்ட இடத்தில் வெள்ளையாக நரம்பு தெரிந்தது, நாங்கள் தினமும் பார்க்கிற அதே வெள்ளை. பிறகுதான் ரத்தம் பீறிட்டது, என் முகமூடி வரை. அதற்குப் பிறகு கத்தினாள்.

நான் என் தொப்பியைக் கழற்றி அந்த இடத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். யாரோ பெல்ட்டை நிறுத்தினார்கள். அவள் காலால் என்னை உதைத்துக்கொண்டே இருந்தாள். வண்டி வரும்வரை நான் பிடியை விடவில்லை.

அக்கா கையில் கத்தியோடு அப்படியே நின்றார். யாரும் பக்கத்தில் போகவில்லை.

"வேணும்னே கத்திய வெச்சுட்டா," என்றாள் ஒருத்தி. "அன்னைக்கே சொன்னாளே."

"நானும் பாத்தேன். பட்டதுக்கு அப்பறமும் நிறுத்தவே இல்ல."

"வேணும்னேதான் வெச்சீங்களா?" என்று ஓடிவந்த சூப்பர்வைசர் கேட்டார்.

அக்கா தன் வலது கையைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார்.

"ஆமா," என்றார். "வேணும்னேதான்."


மார்ச் 25, செவ்வாய்

செல்லக்கிளிக்கு ஆபரேஷன் முடிந்தது. போலீஸ் அக்காவை நேற்றே விசாரித்துவிட்டு, வியாழக்கிழமை ஆலையிலேயே எல்லோரையும் வைத்து விசாரிப்பதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

அக்கா கணக்கு முடித்துக்கொள்ள வந்தார். செல்லக்கிளியின் அண்ணன் சின்னராசு கேட்டுக்கு வெளியே பைக்கில் காத்திருந்தான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அக்காவின் வாயில் அடித்தான். விழுந்தவரின் வலது கையைத் தரையில் வைத்து பூட்ஸ் காலால் மிதித்தான். "இந்தக் கைதான? இந்தக் கைதான?" என்று ஒவ்வொரு மிதிக்கும் கேட்டான். வாட்ச்மேனும் இரண்டு டிரைவர்களும் சேர்ந்துதான் இழுக்க முடிந்தது.

எல்லோரும் அக்காவின் வாயிலிருந்து வந்த ரத்தத்தைப் பார்த்தார்கள். நான் கையைப் பார்த்தேன். மிதிபட்டபோது அந்தக் கை ஒரு தடவைகூடச் சுருங்கவில்லை. அடிபட்ட வாயை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தார். வலது கை அவருடையது இல்லை என்பதுபோல மண்ணில் கிடந்தது.


மார்ச் 26, புதன்

அருணகிரி சார் கூப்பிட்டார். "ரெண்டு பொம்பளைங்களோட சொந்தச் சண்டை. வேலையில நடந்த விபத்துன்னு வந்தா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு, லைனை மூடுவாங்க. அந்தம்மாவே ஒத்துக்கிச்சு, நாம ஏன் கொழப்பணும்? நீ பாத்ததை மட்டும் சொல்லு. நிறுத்தலை, அவ்வளவுதான." தலையாட்டினேன்.

சொந்தச் சண்டை என்றால் செல்லக்கிளிக்கு ஆலை எதுவும் செய்யாது. அக்கா ஜெயிலுக்குப் போவார்.

சொட்டு மருந்து வாங்கினேன்.


மார்ச் 27, வியாழன்

சாரின் அறையில் விசாரணை. சப்-இன்ஸ்பெக்டர், சார், சின்னராசு, அக்கா, நான். அக்காவின் உதடு வீங்கித் தையல் போட்டிருந்தது. உட்காரச் சொன்னார்கள், அவர் உட்காரவில்லை. வலது கையை மேசை விளிம்பில் ஊன்றி நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.

"ஏம்மா, ஒத்துக்கற மாதிரிதான?"

"ஆமாங்."

"கோவத்துல கை தவறிருச்சுன்னு சொன்னாக்கூட கேஸு கொறையும், தெரியுமில்ல?"

"என்ற கை தவறாதுங் சார். பன்னெண்டு வருசமா தவறுனதில்ல. வைக்கோணும்னு நெனச்சேன், வெச்சேன்."

சொல்லும்போது அவர் தலை நிமிர்ந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜெயிலுக்குப் போய்த் திரும்பினாலும் அவர் மயிலாத்தாள்தான். வாய்க்கால் ஓரம் போய்விட்டால் அவர் 'கழுவறது'.

"நீ சொல்லும்மா, நீதான் நேர்ல பாத்தது," என்றார் சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம்.

வாயைத் திறந்தேன். அக்காவுக்குக் கை மரத்துவிட்டது. மூன்று வார்த்தைதான். வரவில்லை. சின்னராசு, "அதையும் மெரட்டி வெச்சிருக்கா பாருங்க" என்றான். அக்கா அவன் பக்கம் திரும்பி, "நானெதுக்குடா மெரட்டறேன்? உன்ற தங்கச்சிகிட்டக் கேளு, அவ வாய்க்கு..." என்று பேச ஆரம்பித்தார்.

மேசையில் குண்டூசி டப்பா இருந்தது. ஒன்றை எடுத்தேன். அக்காவின் சுட்டுவிரல் நுனியில் வைத்தேன். முதலில் கொஞ்சம், பிறகு பாதி. எலும்பில் முட்டியது எனக்குத் தெரிந்தது.

"...அவ வாய்க்கு அன்னைக்கே ரெண்டு குடுத்திருக்கோணும். குடுக்காம வுட்டது என்ற தப்பு. அதான் வெச்சேன், வெச்சதுக்கு நான் அழுவுல..."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சின்னராசுவின் வாய் பாதியில் நின்றது. எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று அக்கா குனிந்து பார்த்தார்.

விரலில் ஊசி நின்றுகொண்டிருந்தது.

இடது கையால் அதை உருவி மேசைமேல் வைத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார்.

"இத்தன பேரு முன்னால துணிய அவுத்த மாதிரி பண்ணிப்போட்டயே அம்மிணி."

சார்தான் முதலில் சுதாரித்தார். "ஜோதி, இது உனக்கு எப்பத் தெரியும்?"

பதில் சொன்னேன். அதை எழுதிக்கொண்டார்கள்.


மார்ச் 28, வெள்ளி

அக்கா மேல் வழக்கு இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு, குளிரிலும் ஒரே வேலையிலும் மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கிப்போய் மாதக்கணக்கில் ஆகிறது என்று எழுதியிருக்கிறார். முன்னாலேயே வந்திருந்தால் சின்ன ஆபரேஷனில் சரியாகியிருக்கும் என்றாராம்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் விளக்குமாற்றை என் மேல் வீசினார். தோளில் பட்டு விழுந்தது. எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

"நீங்க ஜெயிலுக்குப் போயிருப்பீங்க அக்கா."

"போயிருப்பேன். நானா நடந்து போயிருப்பேன்." இருமினார். "அண்டாவுல கைய வுட்டன்னிக்கு நீ பாத்தே. எனக்குத் தெரியும் நீ பாத்தேன்னு. கேப்பே, இன்னிக்குக் கேப்பே, நாளைக்குக் கேப்பேன்னு பாத்துட்டே இருந்தேன். நீ பிளாஸ்டர் ஒட்டுனே."

"கேட்டிருந்தா கத்தியைக் குடுத்திருப்பீங்களா?"

"அப்பவேவா? உன்னை ரெண்டு அறை அறைஞ்சிருப்பேன். அப்பறம் உக்காந்து அழுதிருப்பேன். அப்பறம் குடுத்திருப்பேன்."

அக்கா சுவரோரம் இருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

"உனக்கு முன்னமே தெரியும்னு நான் அங்க சொல்லுல. சொல்லவும் மாட்டேன். அதை நல்ல மனசுன்னு நெனச்சுக்காத. உன்னைப் பத்திப் பேசவே எனக்கு வாய் கூசுது. போ."


மார்ச் 30, ஞாயிறு

அரிசி புடைத்தேன். போர்வை துவைத்தேன். யூனிபார்மில் ரத்தக்கறை போகவில்லை. அம்மா சலவைச் சோடாவில் ஊற வைத்திருக்கிறாள்.

அம்மா, "மொகத்தைத் தூக்கி வெச்சுக்காத. உன்னாலதான அந்தப் பொம்பள தப்பிச்சுது" என்றாள். ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.


ஏப்ரல் 1, செவ்வாய்

அருணகிரி சார் டைப் செய்த தாளைக் கொடுத்தார். 'மேற்படி பணியாளரின் கைக் குறைபாடு விசாரணை நாளன்று லைன் இன்சார்ஜின் சமயோசிதத்தால் முதன்முறையாகத் தெரியவந்தது. அதற்கு முன் நிர்வாகத்திலோ மேற்பார்வையிலோ எவருக்கும் தெரியாது.' கீழே என் பெயர், பட்டத்தோடு.

"யாரு மேலயும் தப்பில்ல பாத்தியா? ரெண்டு பேருக்கும் நல்லது. அந்தப் பொண்ணுக்கும் ஏதோ பாத்துச் செய்யலாம், நம்ம இஷ்டத்துக்கு."

கையெழுத்துப் போட்டேன்.


ஏப்ரல் 3, வியாழன்

ஆலை சார்பாகச் செல்லக்கிளியைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். வராந்தாவில் டாக்டரைப் பார்த்தேன். கம்பெனியிலிருந்து வந்தவள் என்றதும் என்னிடம் சொன்னார். நரம்பைத் தைத்தாகிவிட்டது, ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் இனி மடங்காது. "வீட்டுல அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன். அவர்தான் சொல்ல வேண்டாம்ங்கறார்."

செல்லக்கிளி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மாவுக்கட்டு. சின்னராசு இட்லி வாங்கப் போயிருந்தான்.

"வா இன்சார்ஜம்மா. ஆப்பிளா? எவ பல்லுல கடிக்கறது? அந்தக் கெழவி இடிச்சதுல கடவாப்பல்லு ஆடுது."

சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

"ஊசியக் குத்திக் காட்டுனயாமா? எங்கண்ணன் சொல்லிச் சொல்லி மாயறான். உன்னைப் போயி ஊமைன்னு நெனச்சேனே." பிறகு கட்டைப் பார்த்தாள். "இது பிரிச்சதும் டெய்லரிங் போலாம்னு இருக்கறேன். குளிருக்குள்ள இனி வர மாட்டேன். அண்ணன் எல்லாம் செரியாப் போயிருமுங்கறான். டாக்டரும் பாக்கலாம் பாக்கலாம்ங்கறாரு. மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல." என் பக்கம் குனிந்தாள். "உனக்குத்தான் பொய் சொல்ல வராது. நீ சொல்லு. கை வருமா?"

ஸ்டூலை இழுத்து அவள் நல்ல கைக்கு எட்டுகிற தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"ரெண்டு விரல் வராதுங்க்கா. நடுவிரலும் மோதிர விரலும். மடங்காது. இப்பத்தான் டாக்டர் சொன்னாரு."

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் இருக்குதுங்க்கா. அவங்க கை மரத்துப்போனது எனக்கு முன்னமே தெரியும். ரெண்டு வாரமாத் தெரியும். தோள் வலின்னு உங்ககிட்டச் சொன்னது பொய். நீங்க பழகோணும்னு கேட்டீங்கன்னு அவங்ககிட்டச் சொன்னேன், அதுவும் பொய். நீங்க கேக்கவே இல்ல. அன்னைக்கு உங்களைக் கையை நீட்டச் சொல்லித் தலையாட்டுனதும் நான்தான்."

மேலே பேச மூச்சு வாங்கியது.

"யாருக்கும் முன்னாடி தெரியாதுன்னு பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கறேன். நாளைக்குக் காலையில போயி அதை மாத்தி எழுதிக் குடுத்துருவேன். அப்பத்தான் இது ஆலை மேல உள்ள தப்புன்னு ஆகும், உங்களுக்கு நஷ்டஈடு கெடைக்கும். எழுதறதுக்கு முன்னால உங்ககிட்டச் சொல்லோணும்னு..."

முடிக்கவில்லை. அலமாரிமேல் இருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை எடுத்து என் முகத்தில் அடித்தாள். நிறையத் தண்ணீர் இருந்தது. கண்ணுக்குக் கீழே எலும்பில் பட்டது. இரண்டாவது அடி வாயில். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது.

"என்ற வெரலு! ரெண்டு வாரமாத் தெரியுமாடி! ரெண்டு வாரமா என்னைப் பாத்துச் சிரிச்சயேடி!"

எழுந்துகொள்ளலாம் என்று கால் சொன்னது. உட்கார்ந்தே இருந்தேன். முகத்தை மறைக்கக் கை தானாக மேலே வந்தது, அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது அடிக்குப் பிறகு அவளுக்கு மூச்சிரைத்தது. அழுகையும் வந்தது. அழுதுகொண்டே ஓங்கினாள்.

நர்ஸ் ஓடிவந்தாள். "ஐயோ, என்னங்க இது? மேடம், வெளிய வாங்க! செக்யூரிட்டியைக் கூப்பிடட்டுமா?"

வாயில் இருந்த ரத்தத்தை விழுங்கினேன்.

"வேண்டாங்க சிஸ்டர். நாங்க பேசிட்டிருக்கோம்."

நர்ஸ் செல்லக்கிளியைப் பார்த்தாள். செல்லக்கிளி பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு, "ஆமா, போங்க" என்றாள்.

நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் போனாள். நான் ஸ்டூலை நகர்த்தவில்லை.